மடத்து வாசலில் நின்ற மருமகள்

பிறம்ரன் நகரில் ஒரு கொம்பனியில் எந்தச் சரக்கு றக் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் வேலை துர்க்காவுக்கு. பனி கொட்டும் நாளில் ஆறடி உயர றைவர்மார் வந்து மேசையில் குத்திக் கத்தினாலும் அசையமாட்டாள். "கத்தி முடிஞ்சுதெண்டால் றக் திறப்பை எடுங்கோ அண்ணை" என்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரேயொரு ஆளிடம் நடுக்கம். அந்த ஆள் அவளுடைய தோளுயரம்கூட இல்லாத, கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கிரேக்க மனுஷி. பெயர் வசிலிக்கி. புருஷனைப் பெற்றவர்.

றக் திருத்த வந்த ஆரிஸைத்தான் துர்க்கா கட்டினாள். டோர்செட் பார்க்கில் இருக்கும் அவளுடைய அம்மா பேபி கொஞ்சநாள் அழுதுவிட்டு, பிறகு மருமகனுக்கு இடியப்பம் அவிக்கத் தொடங்கிவிட்டார். வசிலிக்கி அழவுமில்லை, அவிக்கவுமில்லை. கல்யாணத்துக்கே வரவில்லை. "வேறு சாமி கும்பிடுகிறவள் நம் வீட்டுச் சாவுக்கும் வாழ்வுக்கும் கூட நிற்பாளா?" என்று மட்டும் மகனிடம் கேட்டாராம். ஆரிஸ் அதை மொழிபெயர்த்துச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காத மனுஷன், சொல்லிவிட்டான்.

ஆகவே, ஆரிஸின் தகப்பனுடைய ஆண்டு நினைவுக்கு இருவரையும் வரச்சொல்லி கிரேக்கத்திலிருந்து வசிலிக்கியே கூப்பிட்டபோது துர்க்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பூசை ஒரு மலை மடத்தில், மருமகள் தன் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் என்றார் வசிலிக்கி. அதில் பிழை விட்டால் இனி அந்த வீட்டுக் கதவு திறவாது என்று துர்க்காவுக்கு விளங்கியது. மோர்னிங்சைட்டில் கடைகடையாக ஏறிக் கணுக்கால்வரை நீளமான பாவாடை வாங்கினாள்.

அவர்கள் போய் இறங்கிய, கலம்பாக்கா என்ற வசிலிக்கியின் ஊரின் முதுகில் பாறைகள் நேரே எழும்பி நிற்கின்றன. உச்சியில் மடங்கள். முந்தி துறவிகளை வலையில் போட்டுக் கயிற்றால் மேலே இழுத்தார்களாம். ஆரிஸ் அதைச் சொல்லிச் சிரித்தான். துர்க்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசை பின்னேரம். வெளிக்கிடப் போன நேரம் பார்த்து அவளுக்கு மாதத் துடக்கு வந்துவிட்டது. கணக்குக்கு இன்னும் நாள் இருந்தது. அலைச்சலும் பயமும் செய்த வேலை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"உள்ளுக்கை போகாதை பிள்ளை," என்றார் பேபி. "ஆரின்ரை சாமியெண்டாலும் சாமிதானே. அதுவும் செத்த மனுசன்ரை காரியம்."

"போகாட்டி அவ என்ன நினைப்பா அம்மா?"

"அதுக்கு நான் என்னடி செய்ய?"

ஆரிஸிடம் சொல்ல நினைத்தாள். சொன்னால், யாருக்குத் தெரியப்போகிறது வா என்று இழுத்துக்கொண்டு போவான். போய்விட்டு நாளைக்கு அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் அது தன்னால்தான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். சொல்லாமல் காரில் ஏறினாள்.

மடத்து வாசல்வரை படி ஏறினாள். வாசலில் நின்றுவிட்டாள். "எனக்கு வயிற்றுக்குள் சரியில்லை. நீங்கள் போங்கள்."

ஆரிஸ் அதைத் தாய்க்குச் சொன்னான். வசிலிக்கி மருமகளை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொன்னார். ஆரிஸின் முகம் சிவந்துபோனது.

"என்னவாம்?"

"பிடிக்காத இடத்தில் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டாராம். துர்க்கா, இரண்டு நிமிஷம் வந்து நில். எனக்காக."

அவள் தலையாட்டி மறுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். துர்க்கா கல் மதிலில் இருந்தாள். உள்ளிருந்து பாட்டும் சாம்பிராணி மணமும் வந்தன. எல்லாம் முடிந்தது, பாழாய்ப்போன வயிறே என்று தன்னையே திட்டி அழுதாள்.

பூசை முடிந்து வசிலிக்கி முதலில் வெளியே வந்தார். ஆரிஸ் உள்ளே ஒரு கன்னியாஸ்திரியிடம் அகப்பட்டுக்கொண்டான். கிழவி தள்ளி நின்று பள்ளத்தைப் பார்த்தார். துர்க்காவுக்குத் தெரிந்த கிரேக்கம் வணக்கமும் நன்றியும் மட்டும். இப்போது விட்டால் இனி இல்லை என்று தோன்றியது. எழுந்து போய்க் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த துடக்குப் பஞ்சுப் பொட்டலத்தைக் காட்டினாள். பிறகு கோயில் வாசலைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, இல்லை என்று தலையாட்டினாள்.

வசிலிக்கி பொட்டலத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தார். மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு மருமகள் நின்ற இடத்தை விரலால் காட்டினார். தானும் அந்த நாட்களில் இதே வெளியில்தான் நின்றேன் என்கிறார் என்பது விளங்கத் துர்க்காவுக்கு மொழி தேவைப்படவில்லை. கிழவி கைலேஞ்சியை எடுத்து அவள் மூக்கைச் சின்னப்பிள்ளைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தார். நொந்தது.

ஆரிஸ் வந்ததும் தாய் அவனைப் பிடித்துக்கொண்டார். படி இறங்கி முடியும்வரை ஏச்சு.

"டிக்கெற்றை மாற்றட்டாம்," என்றான் அவன், ஒன்றும் விளங்காமல். "வாற ஞாயிறு அம்மா உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு மடத்துக்குத் திரும்ப வரவேணுமாம். ஏன் என்று கேட்டால், எனக்குத் தேவையில்லாத கதையாம். என்ன நடந்தது?"

துர்க்கா வசிலிக்கியைப் பார்த்தாள். அவர், சொல்லாதே என்பதுபோல, தலையை மேலே வெட்டினார்.

"ஒன்றுமில்லை," என்றாள் துர்க்கா.

காரில் இருக்கும்போது அம்மாவின் போன் வந்தது. பேபியின் குரல் பதறியது. "என்னடி நடந்தது? ஏசினவவே? திங்கட்கிழமை வாறியள்தானே?"

"இல்லையம்மா, இன்னும் ஒரு கிழமை செல்லும்," என்றாள். "மாமி விடுறா இல்லை."