உப்புப் போதவில்லை

திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகத் தெரிந்தது டீக்கடைதான். இங்கே அதற்குப் பேக்கரி என்று பெயர். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் டீக்கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு வடைத்தட்டு, நாலு பேர் பங்குபோட்டுப் படிக்கும் பேப்பர். இங்கோ கண்ணாடி அலமாரி முழுக்கக் கேக்கும் பப்ஸும். ஷிப்டு முடிந்து சாயக்கையோடு வருகிறவன்கூடத் தேங்காய் பன் கடித்துக்கொண்டு டீ குடிப்பான். ஒரு ரூபாய் போன் பூத்திலிருந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதையே தின்னுட்டு சோத்த விட்றாதய்யா" என்றாள். சில மாதம் கழித்து ஒரு நாள் காலை அதே பேக்கரியில் நிற்கிறேன். பப்ஸ் தட்டை அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள், ஆவி பறக்கிறது, வாசத்தை மட்டும் காணோம். சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

நான் வேலை பார்த்தது சாயப்பட்டறையில். அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். நான் பள்ளிக்கூடம் போன வருஷங்களில் அவர் திருப்பூரில் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். வந்த அன்று அம்மா கறிக்குழம்பு வைப்பாள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். "என்னத்தப் போட்டிருக்க, உப்புமில்ல ஒரப்புமில்ல." அம்மா உப்பை அள்ளிப் போட்டுக் கலக்குவாள். தங்கையும் நானும் அதை வாயில் வைக்க முடியாது. அவரோ அப்போதும் உப்பில்லை என்பார். பிறகு வெளியே போய்க் குடித்துவிட்டு வந்து, அதே சோற்றை அதே குழம்போடு ஒரு பருக்கை விடாமல் தின்பார். ஒரு பொங்கலன்று தட்டு பறந்து அம்மாவின் புருவத்தில் பட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு அவருக்குக் குடிதான் முழுநேர வேலை. அம்மா அவரை வீட்டைவிட்டு அனுப்பினாள். இப்போது அடுத்த தெருவில், சித்தப்பா வீட்டில் இருக்கிறார். திருப்பூர்ச் சேர்க்கை சரியில்லை என்று ஊரே சொன்னது, நாங்களும் அதைத்தான் நம்பினோம். என்னை பஸ் ஏற்றிவிடும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நீ அவரு மாதிரி ஆயிர மாட்டியே?"

பட்டறையில் முதல் நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டிகளில் துணி வெந்துகொண்டிருக்கும். ஆசிட்டும் பிளீச்சிங்குமாக எழும் ஆவி மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கும். டையிங் மாஸ்டர் அவிநாசிபாளையத்துக்காரர், தங்கமான மனிதர். "ஒண்ணும் பயந்துக்காதீங்க தம்பி. மூக்கு தன்னால பழகிப்போயிருமுங்க" என்றார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

மூக்கு பழகிவிட்டது. நாக்கும் கூடவே பழகிவிட்டதுதான் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது, "அக்கா, கொழம்புல உப்பே இல்ல, கொஞ்சம் குடுங்க" என்று கேட்டேன். மெஸ் நடத்துகிற அக்காவின் முகம் வாடிவிட்டது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஏங் கண்ணு நீயும் குத்திக்காட்டற? உப்புக் கூடிப்போச்சுன்னுதான் அல்லாரும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்களே." சுற்றிப் பார்த்தேன். இலைகளில் சோறு அப்படியே கிடந்தது. அம்மா உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிய கைதான் கண்முன் வந்தது.

அப்போது அழுகையோ கோபமோ வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, வாயில் பஞ்சை வைத்து மெல்லுவது போல இருந்தது. அறையில் கூட இருந்த மாரியப்பன், சாத்தூர்க்காரன், எனக்கு முன்பே பட்டறைக்கு வந்தவன். அவன்தான் மாத்திரை சொல்கிற மாதிரி சொன்னான்: "ஒரு கோட்டரப் போடு. சோறு எறங்கும். இங்க பாதிப்பேரு அப்படித்தான்." போனேன். தொண்டையில் எரிந்துகொண்டு இறங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு என் நாக்குக்குத் தெரிந்த முதல் பொருள் அந்த எரிச்சல். அன்று சோறும் இறங்கியது, தட்டை வழித்துத் தின்றேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. போகக்கூடாது என்று ஒவ்வொரு சாயங்காலமும் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். "அப்பா குடிச்சதுனால தட்டத் தள்ளலம்மா. சாப்புட முடியாமத்தான் குடிச்சிருக்காரு. அந்த வேலையில நாக்கு செத்துப்போகும்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நானும் தீப்பெட்டி ஆபீஸ் மருந்துலதான் கெடந்தேன். எனக்கும் என்ன வாசம் தெரியுது? நான் குடிச்சேனா, தட்ட எறிஞ்சேனா?" எங்கள் பட்டறையிலேயே குடிக்காதவர்களும் இருக்கிறார்கள். காரணம் தெரிந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தழும்பு அப்படியேதான் இருந்தது.

நாள்கிழமை என்பதால் அப்பாவுக்கும் வாசலில் ஒரு இலை போட்டாள். நான் கதவோரம் உட்கார்ந்தேன். அம்மா பரிமாறிவிட்டு, "உப்பு சரியா இருக்காய்யா?" என்றாள். நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவள் முகம் சுளிக்காமல் தின்றுகொண்டிருந்தாள். "சரியா இருக்கும்மா" என்றேன். வாசலிலிருந்து அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். "எப்ப இருந்துலே?"

"ஆடியிலருந்துப்பா."

நெடுநேரம் கையைக் கழுவினார். அவர் நகக்கண்ணிலிருந்து பட்டறை நீலம் எப்போதோ போயிருந்தது, என்னுடையதில் இருந்தது. "புள்ள மொகத்தப் பாத்துச் சொல்லலாம்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். பிறகு, "அந்த வேலைய விட்ரு" என்றார். "சரிப்பா" என்றேன், அம்மாவிடம் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்ன அதே குரலில். தங்கை கல்யாணம் வரைக்கும் விட முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரிலிருந்து வருகிறவன் தட்டைத் தள்ளினால், திட்டுவதற்கு முன் அவனுக்கு வாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். மன்னிக்கச் சொல்லவில்லை. நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தேன். எனக்கு முன்பே பட்டறைக்கு வந்தவன் என்றாலும் மாரியப்பனுக்கு இன்னும் கொஞ்சம் மூக்கு மிச்சமிருந்தது. கண்ணை மூடி இழுத்துவிட்டு, "அப்படியே நம்ம ஊரு" என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.