பம்பரம் எழுதிய கண்ணாடிக்கடை ப்ரோகிராம்

பம்பரம் என்ற பெயர் முதலில் அவள் காதில் விழுந்தது கல்யாணத்துக்கு மறுநாள். “உன் மருமகளை ஒரு இடத்துல உக்காரச் சொல்லுக்கா, பாக்கிற எனக்குத் தலை சுத்துது” என்று மாமியாரின் தங்கை வைத்த பெயர் அது. வைத்தவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்; பெயர் நின்றுவிட்டது.

அவள் உட்கார்ந்தது கம்ப்யூட்டர் முன்னால் மட்டும்தான். அப்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சின்னச் சின்னக் கடைகளுக்கு டேட்டாபேஸ் ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. நாத்தனார் கவுண்டரில் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் அவள்தான் எழுதினாள். ஆளின் பெயரைத் திறந்து கண் பவரை அடித்தால் போதும், லென்ஸ் ஆர்டர் தானே போய்விடும்.

கொஞ்ச நாளில் வம்பு வந்தது. பஸ் ஓட்டுகிறவருக்கு யாரோ ஒரு கிழவியின் பவரில் கண்ணாடி வந்தது. அடுத்து ஒரு தையல்காரர், ஊசிக் காது இரண்டாகத் தெரிகிறது என்று வந்து நின்றார். முதலாளி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு அடிக்கிறாய், இன்னொரு தரம் இப்படி நடந்தால் வீட்டோடு இருந்துகொள் என்றார். அந்த வேலையை நம்பித்தான் அவள் பிள்ளையோடு தனியாக வீடு பிடித்திருந்தாள்.

பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து சோதித்தாள். ஒரு பெயரைத் திறந்தாள், அடித்தாள், மூடினாள். சரியாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சரி. எழுந்து நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் நாத்தனாரிடமே கேட்டுவிட்டாள். “நீ எதையோ பாத்து எதையோ அடிக்கிறியா?”

“அண்ணி, அவர் கேக்குறது இருக்கட்டும். நீங்களுமா?”

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நாத்தனார் பின்னால் நின்றுகொண்டாள். முதல் ஆள் வந்தார். திரையில் அவருடைய ஃபார்மைத் திறந்து பாதியில் இருக்கும்போது போன் அடித்தது, கண்ணாடி ரெடியா என்று ஒரு அம்மாள். நாத்தனார் முதல் ஃபார்மை மூடாமலே அந்த அம்மாளின் ஃபார்மைத் திறந்து பார்த்துப் பதில் சொன்னாள், மூடினாள், வந்தவரின் பவரை அடித்துச் சேமித்தாள். திரையில் வந்தவர் பெயர்தான் இருந்தது. பம்பரம் மவுஸைப் பிடுங்கி அந்த அம்மாளின் கணக்கைத் திறந்தாள். அடித்த பவர் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

வீட்டில் சோதித்தபோது யாரும் போன் பண்ணவில்லையே! இப்போது யாருடைய வேலை நடக்கிறது என்பதை அவள் எல்லா ஃபார்முக்கும் பொதுவாக ஒரே குளோபல் வேரியபிளில் வைத்திருந்தாள். வீட்டுக்கே ஒரு பலகை மாதிரி. கடைசியாக எழுதின பெயர்தான் அதில் நிற்கும்; இங்கே அது கடைசியாகத் திறந்த ஃபார்மின் பெயர். அந்தந்த ஃபார்ம் தன் ஆளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், மூடும்போது அதோடு போய்விட வேண்டும்.

திருத்துவது சின்ன வேலை. திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். முதலாளி அறை வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

“சார், தப்பு கவுண்டர்ல இல்ல. நான் எழுதினதுல.”

“திருத்தினா சரியாயிடுமா?”

“இனிமே வர்றது சரியாயிடும். ஏற்கெனவே போனதுக்கு எல்லாரையும் கூப்பிட்டுத்தான் கேக்கணும்.”

“அப்ப நீயே கூப்பிடும்மா.”

அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். திட்டு முழுவதும் பம்பரத்துக்கு. முதலாளி மன்னிப்புக் கேட்டாரா என்று பிறகு விசாரித்ததற்கு, “கேக்கல அண்ணி, எனக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டாரு” என்றாள் நாத்தனார்.

நாத்தனார் இன்னும் அதே கவுண்டரில் இருக்கிறாள். பம்பரத்தை அந்தக் கடை கூப்பிடுவதில்லை. அவள் இப்போது ஒரு டயர் கடைக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.