ஸ்கிரேப்பருக்கு ஒரு கைப்பிடி

ரிட்டயர் ஆனதும் எல்லோரும் காசிக்குப் போவார்கள். நான் மரம் கடையும் சின்ன லேத் ஒன்றை வாங்கினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் அதை இறக்கியதும் என் கணவரின் ஸ்கூட்டர் தெருவுக்குப் போயிற்று. மழை வந்தால் நனைந்தது. அவர் சீட்டைத் துடைக்கும்போதெல்லாம் ஷெட்டை ஒரு பார்வை பார்ப்பார்.

எங்கள் வீட்டில் தளிகை, அதாவது சமையல், அவர் பொறுப்பு. ஐப்பசியில் பருப்பு மத்து உடைந்தது. அன்றே கெடு வைத்துவிட்டார்.

"கார்த்திகைக்குள்ள அந்த மிஷின்லேர்ந்து ஒரு மத்து வரட்டும். வரலேன்னா வித்துடலாம். ஸ்கூட்டராவது உள்ள வரும்."

கடையில் மத்து கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இருவரும் கடைப் பக்கம் போகவில்லை.

மரம் தயாராக இருந்தது. மருங்காபுரித் தோழி தந்த, நன்றாகக் காய்ந்த புளியங்கட்டை, ஒன்றே ஒன்று. உளிதான் தகராறு. தீட்டத் தீட்ட மழுங்கியது. எளிதில் மழுங்காத கார்பைடு முனை வைத்த, மரத்தைச் சுரண்டிக் கடையும் ஸ்கிரேப்பர் இருந்தால் கவலையில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். விலையையும் பார்த்தேன். ஒரு கம்பி, ஒரு ஸ்குரூ, ஒரு முனை, இவ்வளவுதானே, நாமே செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் எல்லா வம்பும் இந்த 'இவ்வளவுதானே'யில்தான் ஆரம்பித்திருக்கிறது.

இரும்பு கடையும் காட்டூர்ப் பட்டறை ஒன்றில் கார்பைடு டிப் கிடைத்தது. நகத்தளவு சதுரம், நடுவில் ஓட்டை. அது உட்காரும்படி சதுரக் கம்பியின் நுனியை அரத்தால் ராவினேன். ஸ்குரூவுக்கு மரை வெட்டும் டேப் என்ற கருவி பாதியில் ஒடிந்து ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. நுனியை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ராவினேன். உள்ளே அவர் கரண்டியின் அடியால் பருப்பை மசித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு குத்தும் ஷெட் வரை கேட்கும்படி.

ஒருவழியாக டிப் உட்கார்ந்தது. கம்பியில் பழைய துணியைச் சுற்றிப் பிடித்து, ஒரு வேப்பங்கட்டையில் வைத்துப் பார்த்தேன். மரம் தேங்காய்த் துருவலாக உதிர்ந்தது. ஆனால் கம்பி கையில் திமிறியது. கைப்பிடி இல்லாமல் மத்து கடைந்தால் விரல் போய்விடும் என்று பயந்தேன். கைப்பிடிக்கு உறுதியான மரம் வேண்டும். வேம்போ நெடுக வெடித்திருந்தது. மிச்சம் புளியங்கட்டைதான்.

நியாயம் என் பக்கம் என்று இப்போதும் சொல்வேன். முதலில் கைப்பிடி, பிறகு மத்து. அடுப்பு இல்லாமல் யாராவது சமைப்பார்களா? துணி சுற்றிய அதே ஸ்கிரேப்பரால் மெல்ல மெல்லச் சீவி, இடையை மெலிய விட்டு, அடியில் உருண்டையாகக் குமிழ் வைத்துக் கைப்பிடியைக் கடைந்தேன். மெல்லச் சீவினால் கம்பி திமிறாது, மத்தையே கடைந்திருக்கலாம் என்பது அது முடிந்த பிறகுதான் உறைத்தது.

இருந்தாலும் அப்படி ஓர் அழகு. பசை போடக்கூடப் பொறுமையில்லாமல் கம்பியைச் சொருகிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அவர் வாங்கிக் குமிழைத் தடவினார். இடையைப் பிடித்துப் பார்த்தார்.

"பேஷ், நன்னா வந்திருக்கே! இந்த இரும்பு எதுக்கு?"

"அதான் ஸ்கிரேப்பர். நீங்க பிடிச்சிண்டிருக்கறது அதோட கைப்பிடி."

"அப்போ மத்து?"

கார்த்திகை நெருங்கியிருந்தது. வேறு கட்டையும் இல்லை. லேத் போனதுதான் என்று நினைத்தேன்.

அவர் கம்பியை உருவி மேடையில் வைத்தார். கைப்பிடியைக் கழுவினார். குமிழைப் பருப்பில் இறக்கி நாலு சுற்றுச் சுற்றினார்.

"கெடுவுக்குள்ள வந்துடுத்து" என்றார்.

என் ஸ்கிரேப்பர் மறுபடி துணிக்குத் திரும்பியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்று பருப்புசாதத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. லேத் வந்தபோது அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை ஷெட்டிலிருந்து எடுத்துப்போய், தெருவில் நின்ற ஸ்கூட்டருக்கு அவர் போர்த்திக்கொண்டிருந்தார்.