துரைசாணி ஏறாத கல்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும், "இது இங்கிலாந்து மாதிரியே இருக்கே" என்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். எழுபதைத் தாண்டியும் அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குக் கால் தரையில் நிற்காது.

ஆமாம், அப்படித்தான் கட்டினார்கள். சாந்தன்பாறைக்கு மேலே காட்டை வெட்டித் தேயிலையும் ஏலமும் வைத்த முதல் துரைக்குத் தன் சொந்தக் கிராமத்தை மறக்க முடியவில்லை. மேட்டில் சதுரக் கோபுரத்தோடு கருங்கல்லில் கிறிஸ்தவக் கோயில், அதற்குக் கீழே குளம், குளத்தைச் சுற்றி வளையும் பாதை, பாதையோரம் புகைபோக்கி வைத்த வீடுகள். அங்கே எது எங்கே இருந்ததோ அது இங்கேயும் அதே இடத்தில் வரும்படி நின்று கட்டவைத்தார் என்று என் அப்பா சொல்வார். குளம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அங்கே வாத்து நீந்துமாம். இங்கே அட்டை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயங்களில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன். அதனால் ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை கேட்காமலே என்னிடம் வந்தது. துரைமார் சீட்டாடிய கிளப் இப்போது ரேஷன் கடை. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெரிய பங்களா ரிசார்ட் ஆகிவிட்டது. கோயில் சுவரில் ஒரு கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டினால் சிரிக்காதவர் இல்லை. இதையெல்லாம் சொல்லும்போது நான் சொன்னது உண்மை. ஒரு கல்லைப் பற்றி மட்டும் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோயிலைத் தாண்டிப் பாதை திரும்பும் இடத்தில் அது நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியது. நெஞ்சுக்குச் சற்று மேலான உயரம். பலகையின் விளிம்பில் உளியால் வெட்டிய ஒரு சிலுவை.

அது சுமைதாங்கி. என் அப்பா நட்டது. ரோடு வராத காலத்தில் அந்தத் திருப்பம் வழியாகத்தான் ஏலக்காய் மூட்டைகளைத் தலையில் வைத்துப் போடிக்கு இறக்குவார்கள். அப்பாவின் முதல் மனைவி நிறைமாதமாக இருந்தபோதும் மூட்டை தூக்கினாள். அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள் சுமையை இறக்காமல் போனவள் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. அவள் பேரில் வழியோரம் ஒரு சுமைதாங்கி நட்டால், போகிற வருகிறவர்கள் தங்கள் பாரத்தை அதில் இறக்கிவைக்கும்போதெல்லாம் அவளுக்கும் பாரம் குறையும் என்பார்கள். கிறிஸ்தவ வேதக்காரர்களான பிறகும் அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. மேலே ஒரு சிலுவையைச் சேர்த்துக்கொண்டோம்.

அவள் விட்டுப்போன ஒரே பிள்ளை என் அக்கா. அப்பா மறுபடி கல்யாணம் செய்து நான் பிறந்தேன். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். அவளுடைய அம்மாவைப் புதைத்த மேட்டில் பிறகு தேயிலை வைத்துவிட்டார்கள். குழி எது என்று யாருக்கும் தெரியாது. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அக்கா மட்டும் அந்தத் திருப்பத்துக்குப் போவாள்.

இனி என் பொய். கொச்சியிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் கூட்டம் வந்திருந்தது. நல்ல உடுப்பு, நல்ல இங்கிலீஷ். நானும் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டு வந்தேன். கோயில், குளம், கிளப் எல்லாம் முடிந்து திருப்பத்துக்கு வந்தபோது ஒரு அம்மாள், "சிலுவை இருக்கிறதே, இதுவும் துரைகள் வைத்ததா?" என்று கேட்டார். இல்லை, மூட்டை தூக்கிச் செத்த என் அப்பாவின் முதல் மனைவிக்கு வைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அவளை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாத எனக்கு, "ஆமாம். துரைசாணி குதிரை ஏறுவதற்காகப் போட்ட கல்" என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர்கள் கையால் தடவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அன்று முழுக்க உற்சாகம்.

அந்தப் படம் எங்கெங்கோ போயிற்று. ரிசார்ட்காரர்கள் வரைபடத்தில் "துரைசாணி கல்" என்று போட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். பிறகு வேலியும் கேட்டும் வந்தன. ஒரு கல்லறைத் திருநாளன்று அங்கே நின்ற காவலாளி அக்காவைப் பார்த்து, "ஆச்சி, இங்க மெழுகுதிரி கொளுத்தப்பிடாது, கல்லு கரி பிடிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டான். நான் கோயில் படியில் நின்று அதைப் பார்த்தேன். இறங்கிப் போகவில்லை. அதற்கடுத்த வருஷங்களில் அவள் வேலிக்கு வெளியே தரையில் மெழுகுவர்த்தி நட்டாள்.

இந்த வருஷம் பஞ்சாயத்து மெம்பருக்கு ஒரு யோசனை தோன்றியது. மெம்பர் எங்கள் லயத்துப் பெண், என்னிடம் படித்தவள். ஊரின் பழைய இடங்களுக்கெல்லாம் பலகை வைக்க வேண்டும், வாசகம் சார் எழுத வேண்டும் என்றாள். ஒரு வாரம் நான் சின்னப் பையனைப் போல ஓடித் திரிந்தேன். தலைகீழ்க் கல்லுக்கு மட்டும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். துரைசாணி கல்லையும் சேர்த்து எல்லாம் எழுதி முடித்து அவளிடம் வாசித்துக் காட்டியபோது அவளுடைய ஜீப் டிரைவரும் வாசலில் நின்றான்.

"சார், ஒரு சந்தேகம்" என்றான் டிரைவர். "அந்தக் கல்லு என் நெஞ்சு ஒசரம் இருக்கு. துரைசாணி அதுல ஏறித்தான் குதிரைல ஏறணும்னா, அந்தக் கல்லுல எப்படி ஏறுனா? ஏணி போட்டா?"

"ஏணி இருந்தா குதிரைலயே சாத்திரலாமே" என்றாள் மெம்பர்.

"அதத்தான் சொல்லுதேன். அப்பக் கல்லு எதுக்கு?"

மூவரும் சிரித்தோம். இத்தனை வருஷம் இத்தனை படித்தவர்கள் கேட்காத கேள்வி. நான் ஏதோ, அந்தக் காலத்துக் குதிரைகள் உயரம் என்று சமாளித்தேன். மெம்பர் தாள்களை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகள் தோட்டத்தில் வேலை பார்ப்பதால் லயத்து வீடு இன்னும் அவர்களிடம் இருக்கிறது. அக்கா கொடியில் ஒரு பட்டுச்சேலையை விரித்துப் போட்டிருந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"கல்யாணம் எங்க? போர்டு தொறக்காங்கள்லா. மெம்பர் புள்ள வந்து சொல்லிச்சு, திருப்பத்துக் கல்லுக்கும் போர்டு உண்டு, சார்தான் எழுதுனாருன்னு." கண்ணில் அத்தனை வெளிச்சம். "ஏல, எங்கம்மைக்கு என்ன எழுதிருக்க? வாசியேன், கேப்போம்."

துரைசாணி கதையைக் கிளப்பிவிட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. ரிசார்ட்காரர்கள் கட்டிய கதை என்று நினைத்திருந்தாள். தம்பி படித்தவன், ஒருநாள் அதைத் திருத்துவான் என்று காத்திருந்திருக்கிறாள்.

"அங்க வந்து கேட்டுக்கோ" என்றேன்.

வெளியே வந்ததும் மெம்பரைப் போனில் கூப்பிட்டேன். ஒரு பலகையில் தப்பு இருக்கிறது என்றேன். "எல்லாம் எழுதி நட்டாச்சே சார். நாளைக்குக் காலைல திறப்பு. சின்னத் தப்புன்னா அப்புறமா ஸ்டிக்கர் ஒட்டிரலாம்" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சரி என்றுதான் சொன்னேன்.

காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் சட்டையைக் கழற்றினேன். பக்கத்து ஏலக்காய் ஸ்டோருக்குப் போய் ஒரு மூட்டை கேட்டேன். முழு மூட்டையை என்னால் தூக்க முடியாது, பாதி மூட்டை. துண்டைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கித் தலையில் வைத்து, ஸ்டோர்க்காரர் தூக்கிவிட, ரோட்டில் இறங்கி நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் ஜீப் சத்தம். டிரைவர்தான். முன் சீட்டில் பட்டுச்சேலையில் அக்கா.

"சார், இது என்ன கூத்து? மூட்டைய உள்ள போடுங்க."

"வேண்டாம். நீ மெதுவா பின்னால வா."

"தலை சுத்தி விழுந்தா நான்தான் எடுத்துட்டுப் போகணும், சொல்லிட்டேன்."

அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏல, கழுத்த ஆட்டாத. கீழ பாக்காத. எதுக்க பாத்து நட. இதுகூடத் தெரியாம என்ன படிச்ச?"

எங்கள் லயத்து ஆட்கள் அத்தனை பேரும் சுமந்த பாரத்தை நான் ஒருநாள்கூடச் சுமந்ததில்லை. கழுத்து நரம்பு விண்ணென்று தெறித்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிரிக்கெட் ஆடிய பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தார்கள். ரேஷன் கடை வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ விசில் அடித்தார்கள். கோயில் மேடு ஏறும்போது எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது.

திருப்பத்தில் ரிப்பன் கட்டியிருந்தது. பலகையை மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். மெம்பர், ரிசார்ட் முதலாளி, கோயில் கமிட்டிக்காரர்கள் என்று ஒரு கூட்டம். கேட் திறந்திருந்தது. நான் யாரிடமும் பேசாமல் உள்ளே போய்க் கல்லின் எதிரே நின்றேன். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தேன்.

மூட்டை தானாக வழுக்கிப் பலகைக் கல்லின் மேல் போய் உட்கார்ந்தது. யாரும் கைகொடுக்கவில்லை. நான் முழங்காலை மடக்கவில்லை. அப்பா அளந்து வைத்த உயரம் அது.

"இதுக்குத்தானா!" என்றான் டிரைவர்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியதால் விட்டு விட்டுத்தான் சொல்ல முடிந்தது. கல் யாருக்கு நட்டது, யார் நட்டது, துரைசாணியை யார் கொண்டுவந்தது, ஏன் கொண்டுவந்தேன், காவலாளி அக்காவைத் துரத்தியபோது எங்கே நின்றேன் என்பது வரை.

மெம்பர்தான் முதலில் பேசினாள். "நாங்க ஸ்கூல்ல சார் சொல்லித்தான் இதைப் படிச்சோம். பரீட்சைல எழுதி மார்க்கு வாங்கிருக்கேன்." அவள் குரலில் இருந்த கசப்பு எனக்கு வரவேண்டியதுதான். ரிசார்ட் முதலாளி வரைபடம் ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டதாக ஆரம்பித்தார். மெம்பர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"நீதானா?" என்றாள்.

"நான்தான்."

"அந்தக் காவக்காரப் பயல நான் எத்தன வருசம் மனசுக்குள்ள வைஞ்சிருக்கேன்." அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் தாண்டிப் போய் மூட்டையை ஓரமாகத் தள்ளி, மடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துச் சிலுவைக்கு மேலே, கல்லின் மீதே நட்டாள். டிரைவர் தீப்பெட்டி கொடுத்தான். யாரும் கரி பிடிக்கும் என்று சொல்லவில்லை. மஞ்சள் துணியை அன்று யாரும் எடுக்கவும் இல்லை.

புதுப் பலகைக்கு வாசகம் அக்கா சொன்னாள், நான் எழுதினேன். அவள் அம்மாவின் பெயர், மூட்டையோடு அவள் நடந்த வழி. "பெறக்காத பிள்ளையையும் போடு. கல்லு ரெண்டு பேருக்குந்தான்" என்றாள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் போட்டோம். வேலியை எடுத்துவிட்டார்கள்.

அக்கா என்னோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. இன்னும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வெளியூர்க்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டு "துரைசாணி கல் எங்கே?" என்று இன்னமும் வருகிறார்கள். அவர்களைத் திருப்பத்துக்குக் கூட்டிப்போய், அந்தப் பெயரை வைத்த பொய்யன் நான்தான் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் பாதிப் பேர் தங்கள் முதுகுப்பையைக் கழற்றிக் கல்லில் வைத்துப் பார்க்கிறார்கள். சாயங்கால வெயிலுக்கு அங்கே வந்து உட்காரும் அக்காவுக்கு அது பொறுப்பதில்லை.

"முதுகுல தூக்கிட்டு வந்தா எப்படி? தலைல வைங்க. தலைல வச்சு எறக்குங்க, எங்கம்மைக்கு" என்கிறாள். அவர்களுக்குத் தமிழ் புரியவில்லை என்றால் என் பக்கம் திரும்பாமலே, "ஏல, சொல்லு அவங்ககிட்ட" என்கிறாள். நான் சொல்கிறேன்.