பச்சை நூலால் தைத்த பை

வன்னியில், தர்மபுரத்து வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற ஒரே ஆள் என் அண்ணா. அவர் ஒரு மந்திர வித்தைக்காரர். பிறந்தநாள், சாமத்திய வீடு, பாடசாலை விழா என்று யார் கூப்பிட்டாலும் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். முதலில் ஒரு புறா வைத்திருந்தார். அதைப் பூனை கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவருடைய தொப்பிக்குள்ளிருந்து கைக்குட்டைகள் மட்டும்தான் வருகின்றன.

பொட்காஸ்ட் தொடங்கலாம் என்று சொன்னது நான். காதால் கேட்கிற சனத்துக்கு என்ன வித்தையைக் காட்டுவது என்று அண்ணா சிரித்தார்.

"ஒண்டையும் காட்டாதேங்கோ. அவையள் மனசுக்குள்ள என்ன நினைக்கினம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு எண்ணை நினையுங்கள், ஒரு நிறத்தை நினையுங்கள் என்று அண்ணா சொல்வார். கேட்கிறவர் நினைப்பார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணா அதைச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்குள் இருப்பது மந்திரமல்ல, கணக்கும் மனிதப் பழக்கமும். நான் கணக்கு ரீச்சர் என்பதால் பாதி வேலை என்னுடையது.

என் மற்ற வேலை ட்ரெண்ட் பார்ப்பது. வெறும் வித்தையை ஒருவரும் தேடிவந்து கேட்கமாட்டார்கள், ஊர் எதைப் பற்றிக் கதைக்கிறதோ அதில் வித்தையை ஒட்டிவிட வேண்டும். எங்கள் பாடசாலையில் தரம் பத்துப் பிள்ளைகள் இடைவேளையில் எந்தப் பாட்டுக்குக் கையை ஆட்டுகிறார்களோ அது இரண்டு கிழமைக்குள் எல்லாருடைய போனிலும் ஓடும். நான் அதைப் பார்த்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதுவேன். இடது பக்கத்தில் ட்ரெண்ட், வலது பக்கத்தில் அதற்குப் பொருந்தும் வித்தை. பேய்ப் படம் ஒன்றின் ட்ரெயிலர் வந்தபோது, பொம்மை கண் சிமிட்டுவதாக ஏன் தோன்றுகிறது என்று ஒரு பொட்காஸ்ட் கதை செய்தோம். கிரிக்கெட் காலத்தில் நாணயம் சுண்டுவதை வைத்து ஒன்று செய்தோம். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கைப்பை ட்ரெண்ட் வந்தது. நடிகைகள் தங்கள் கைப்பையைக் கட்டிலில் கொட்டி, இது என் உதட்டுச்சாயம், இது என் வாசனைத் தைலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிற வீடியோக்கள். எங்கள் பிள்ளைகளும் புத்தகப் பையைக் கொட்டி, உடைந்த பென்சிலையும் மாங்காயையும் காட்டி வீடியோ எடுத்தார்கள். நான் கொப்பியின் இடது பக்கத்தில் 'பைக்குள் என்ன' என்று எழுதினேன். வலது பக்கத்தில் எழுத ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'ஒரு நிமிடத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள். ஒரே ஒரு பைதான் எடுக்கலாம். அது எந்தப் பை என்று நான் சொல்கிறேன்.'

வேறு நாட்டில் இதைச் செய்தால் பிழையாகிவிடும். ஒருவர் போனை எடுப்பார், ஒருவர் நாய்க்குட்டியைத் தூக்குவார். வன்னிச் சனத்திடம் பிழையாகாது. இங்கே வீட்டை விட்டு ஓடு என்றால் யாருடைய கையும் ஒரே இடத்துக்குத்தான் போகும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, இரண்டு படம், எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்த பை. அதைக் கண்டுபிடிக்க மந்திரவாதி தேவையில்லை. நான் அதை ஒரு கெட்டித்தனமாக நினைத்தேன். சண்டையில் சனம் ஓடிய ஓட்டத்தை விளையாட்டாக எடுத்தோமே என்ற வெட்கம் பிறகுதான் வந்தது.

நாங்கள் ஒலிப்பதிவு செய்வது அம்மாவின் அறையில், சனிக்கிழமை உச்சி வேளையில். அந்த நேரம் பக்கத்துத் தோட்டத்து நீர்ப்பம்பி நின்றுவிடும், காகம்கூடக் கத்தாது. அலுமாரி நிறையச் சேலை இருப்பதால் எதிரொலியும் குறைவு. கதவை மூடிவிட்டு இரண்டு கதிரையில் இருப்போம். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலப் பை தொங்கும். கதவு திறந்திருந்தால் அது தெரியாது, மூடினால்தான் தெரியும். எங்கள் வீட்டுப் பத்திரங்களெல்லாம் அலுமாரிக்குள் வேறு பையில் இருந்தன. இதற்குள் செத்துப்போன அப்பாவின் சாமான்கள் இருக்கின்றன என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அம்மா ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அண்ணாவின் தொழிலில் ஒரு விதி உண்டு. எல்லாருக்கும் பொருந்துகிற பத்து விஷயத்தைச் சொன்ன பிறகு, ஒருவருக்கும் பொருந்தாத ஒன்றையும் துணிந்து சொல்லவேண்டும். அது பிழையானால் ஒருவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். எங்கோ ஒருவருக்குத் தற்செயலாகச் சரிவந்தால் அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அந்த ஒன்றைக் கற்பனையில் செய்யவேண்டும், கண்ணால் கண்டதைச் சொல்லக்கூடாது. அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்தது, பையின் அடியில் ஒரு தேங்காயெண்ணெய்க் கறை.

அண்ணா அதை வாசிக்கவில்லை. மைக்குக்கு மேலால் கதவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"பையின்ர கைபிடி ஒண்டு அறுந்திருக்கு. வலை பின்னுற பச்சை நூலாலை குறுக்கும் மறுக்குமாத் தைச்சிருக்கிறியள். அந்தப் பை இப்ப உங்களிட்டை இல்லை."

கைபிடியும் நூலும் கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலப் பையைப் பார்த்துச் சொன்னவை. ஆனால் கடைசி வரி அங்கும் இல்லை, என் தாளிலும் இல்லை. 'அந்தப் பை இப்போதும் உங்கள் வீட்டில் இருக்கிறது' என்றுதான் எழுதியிருந்தேன். பின்னேரம் அதை வெட்டி ஒட்டும்போது ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அண்ணா தன் குரலைத் தானே இரண்டு தரம் போட்டுக் கேட்டார்.

"நான் இப்பிடியே சொன்னனான்? வாயிலை வந்திட்டுது போல."

கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் பயமூட்டுகிறதே, நல்லதுதானே என்று அப்படியே விட்டேன்.

அந்தக் கதை ஓடிய ஓட்டத்தில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று துள்ளினேன். மல்லாவியில் நெல்லு வியாபாரம் செய்கிற ஒருவர், தன் பை குசினிக்குள் தொங்குகிறது, எப்படித் தெரியும் என்று எழுதினார். கனடாவிலிருந்து ஒருவர், இங்கே பனி கொட்டுகிறது, ஆனாலும் பை கதவடியில்தான் இருக்கிறது என்று எழுதினார். அண்ணா கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை உச்சி வேளையில், கதவை மூடிவிட்டு, வந்திருந்த குரல் பதிவுகளைக் கேட்டோம். ஒன்றில் முதலில் காற்று மட்டும் கேட்டது. கடற்காற்று. பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல்.

"தம்பி, நான் நாயாறிலையிருந்து கதைக்கிறன். நீங்கள் சொன்னது என்ர பை. அந்த நூல் என்ர மனுசன்ர வலை நூல், தைச்சது நான். அது இப்ப என்னட்டை இல்லை எண்டதும் சரி. பை என்ர மகளின்ர கையிலை இருந்தது. உங்களுக்குப் பை தெரியுதெண்டால் பிள்ளையும் தெரியும்தானே. அவள் எங்கை எண்டு சொல்லுங்கோ, தம்பி."

அண்ணா நிறுத்தப் போனார். குரல் இன்னும் முடியவில்லை.

"நூலைச் சொன்னனீங்கள். சிப்பிலை கட்டியிருக்கிற மாதா பதக்கத்தை ஏன் சொல்லேல்லை? அது விழுந்திட்டுதோ?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தோம். சிப்பின் நுனியில், பிடித்து இழுக்கிற தகட்டுக்குப் பதிலாக, கறுத்துப்போன ஒரு சின்னப் பதக்கம். அதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். மாதாவுக்கு நேர்த்தி வைக்காத சைவக்காரர் வன்னியில் குறைவு என்பதால் அது எங்கள் பையில் எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. காற்றில்லாத அறையில் அந்தப் பதக்கம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கதவை நாங்கள்தான் சற்று முன் மூடினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் போனைக் கொண்டுபோய் அந்தக் குரலைப் போட்டேன். சுளகு நின்றது. முழுவதும் கேட்டுவிட்டு, இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவாவை வரச்சொல்லு."

"ஆரம்மா அவா?"

"வந்தாப்பிறகு சொல்லுறன். ரெண்டு தரம் சொல்ல என்னாலை ஏலாது."

அந்தக் கிழமை முழுக்க அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணாவும் நானும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஆளையாள் பார்த்துக்கொண்டு திரிந்தோம். என் பயம் ஒன்றுதான். நாயாறிலிருந்து ஒரு தாய் தன் மகள் இருக்கிற இடத்தைக் கேட்டு வருகிறார். எங்களிடம் இருப்பதோ ஒரு விளையாட்டு வித்தை. அண்ணா, அவர் காலில் விழுந்தாவது இது வெறும் தந்திரம் என்று சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். தந்திரத்தை வெளியே சொல்லாதவர் என்ற பெருமை அவருக்கு எப்போதும் உண்டு. அது அந்தக் கிழமையோடு போனது.

அந்தத் தாய் முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கருவாட்டுப் பார்சல் ஒன்று. அண்ணா சொல்ல வைத்திருந்ததை வாய் திறந்து தொடங்குவதற்குள், அம்மா அவரைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவை மூடினார். நாங்களும் உள்ளே நின்றோம். வந்தவர் பையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்று, உள்ளே இருப்பதைச் சொல்லத் தொடங்கினார்.

"குடும்ப அட்டை. பிள்ளையின்ர ஞானஸ்நானத் துண்டு. மஞ்சள் சட்டை ஒண்டு, கழுத்திலை பொத்தான் இல்லை. சீனிப் போத்தில் ஒண்டு, அரைவாசி."

அம்மா பையை இறக்கி ஒவ்வொன்றாகக் கட்டிலில் வைத்தார். அட்டை இருந்தது. துண்டு இருந்தது. சட்டையின் கழுத்தில் பொத்தான் இல்லை. போத்திலுக்குள் சீனி கல்லாக இறுகிப் பழுப்பாக இருந்தது. எல்லாம் புதுப் பொலித்தீனில் சுற்றியிருந்தன. ஒவ்வொரு மாரிக்கும் அம்மா இரகசியமாக மாற்றியிருக்கிறார். நடிகைகள் கைப்பையைக் கொட்டியதும் கட்டிலில்தான் என்று எனக்கு ஞாபகம் வந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நான் மற்றாக்களோடை சேந்து மனுசனைக் கட்டிலோடை தூக்கிக்கொண்டு பின்னுக்கு வந்தனான். அவருக்குக் காயம். மகளை முன்னுக்குப் போகச் சொன்னனான்" என்றார் வந்தவர். "நீங்கள் அவளை எங்கை கண்டனீங்கள்?"

அம்மா நிலத்தைப் பார்த்தார்.

"ஒரு கிணத்தடி, அக்கா. நானும் இந்த ரெண்டு பிள்ளையளும் மரத்துக்குக் கீழை இருந்தனாங்கள். உங்கட பிள்ளை வந்து, 'அம்மா, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ, தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்' எண்டு தந்திட்டுப் போனது. உடனை செல்குண்டு விழத் தொடங்கிட்டுது. நான் இதுகளை இழுத்துக்கொண்டு ஓடினனான். பை கையிலையே இருந்தது. திரும்பிப் போகேல்லை. உள்ளுக்கு உங்கட விலாசம் இருக்கு, அக்கா. எத்தனையோ தரம் வாசிச்சிருக்கிறன். உங்கட முகத்தைப் பாக்கப் பயந்துதான் வரேல்லை."

எனக்கு அப்போது பத்து வயது. மரம் ஞாபகம் இருக்கிறது, அந்தப் பிள்ளை ஞாபகம் இல்லை. அண்ணாவுக்குப் பதினான்கு. நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. உங்களுக்கு அவளைத் தெரியுமா என்று பிறகு கேட்டபோது, தெரியேல்லை, தெரியேல்லை என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் மஞ்சள் சட்டையை மடித்தார். திட்டுவார், அழுவார் என்று காத்துக்கொண்டிருந்தோம்.

"உங்களை அவள் அம்மா எண்டோ கூப்பிட்டவள்?"

"ஓம், அக்கா."

"திரும்பி வாறன் எண்டு சொன்னவள்?"

"ஓம்."

அவர் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தார். கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்து அண்ணா கதவைத் திறக்கக் கையை வைத்தார். அவரோ எட்டிப் பையை அதே ஆணியில் மாட்டினார்.

"இது இஞ்சையே இருக்கட்டும். உங்களிட்டைத்தானே தந்தவள். வந்தா உங்களைத்தானே தேடுவாள்."

அம்மா அன்றைக்குத்தான் அழுதார். அப்பா போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணா, அந்தக் கதையை அழித்துவிடுகிறேன் என்று சொன்னார். அந்தத் தாய் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சுப்போடாதேங்கோ, தம்பி. நான் கேட்ட மாதிரி அவளும் எங்கையாவது கேப்பாள்."

அது இன்னும் இருக்கிறது. நான் இப்போதும் கொப்பியில் ட்ரெண்ட் எழுதுகிறேன். ஆனால் காலையில் போனை எடுத்தவுடன் பார்ப்பது அந்தக் கதைக்குக் கீழே புதிதாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான்.

அவர் வந்துபோன மறுநாள் அம்மா அண்ணாவைக் கூப்பிட்டு, ஆணியைப் பிடுங்கி முன்வாசல் சுவரில் அடிக்கச் சொன்னார். ஏன் என்று அண்ணா கேட்டார். கதவுக்குப் பின்னால் இருந்தால் வாசல் படலையில் வந்து நிற்கிற பிள்ளைக்குப் பை தெரியாது என்றார் அம்மா.