டெய்லரம்மாவின் நீச்சலுடை

நடைபாதையில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியே டெய்லரம்மா நடக்கிறார். "இடது தோள் அரை இஞ்ச் எறக்கம். எந்தப் புண்ணியவான் தைச்சானோ!" என்கிறார், எனக்கு மட்டும் கேட்கும்படி. காலை ஆறரைக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அறுபத்தொன்பது வயதில் அவர் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு மட்டுமே வீடு தரும் எங்கள் குடியிருப்பில் அவர் எனக்கு எதிர்வீடு. முப்பத்தெட்டு வருடம் பெண்களுக்கான தையல்கடை நடத்தியவர். டாக்டரான அவர் மகள் பிடிவாதமாக இங்கே குடிவைத்தாள். பளிங்குத் தரை, பேட்டரி கார், கூப்பிட்டால் ஓடிவரப் பணியாளர்கள். "கையக் கட்டிட்டு உக்காருன்னா எனக்குக் காய்ச்சல் வந்துரும்" என்று விருந்தினர் அறையில் தையல் மெஷினைப் போட்டுவிட்டார். மகள் வந்தால் சோபாவில் படுக்கிறாள்.

பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்காது, அளவுகள் நிற்கும். "அந்த நாப்பத்திரண்டு இடுப்பு இருக்காங்களே, அவங்களுக்குப் பேத்தி பொறந்திருக்காம்" என்பார். நான் இல்லாதபோது என்னை எந்த எண்ணால் சொல்கிறாரோ, கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எங்கள் நீச்சல் குளத்தில் ஆண்கள்தான் நீந்துவார்கள். பெண்கள் கரையில் உட்கார்ந்து பாதத்தை நனைத்துக்கொள்வோம். சுடிதாரோடு இறங்கக் கூடாது, நீச்சலுடைதான் விதி. கடையில் விற்பதைப் போட்டுக்கொண்டு சம்பந்தி வயது ஆட்கள் முன்னால் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை.

"இவ்ளோ பெரிய குளத்துல காலை மட்டும் கழுவிட்டுப் போறீங்களே!" என்று டெய்லரம்மா ஒருநாள் பொரிந்தார். நீச்சலுடைத் துணியையே வாங்கிவந்து, முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால், மேலே சின்னப் பாவாடை என்று வெட்டித் தைத்தார். முதலில் போட்டது நான். தண்ணீரில் இறங்கியதும் பாவாடைக்குள் காற்று புகுந்து, பலூனாக உப்பி, என்னை மிதக்கவிட்டது. கரையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் மட்டும் "அசையாம இருங்க, எங்க உப்புதுன்னு பாக்கறேன்" என்று கத்தினார். மறுநாளே பாவாடையின் ஓரத்தைக் கால்பகுதியோடு சேர்த்துத் தைத்துவிட்டார். ஒரே மாதத்தில் பதினோரு பேர் குளத்தில் இறங்கினோம்.

நிர்வாகக் குழுத் தலைவர் தடைபோட்டார். கம்பெனி நீச்சலுடைக்குத்தான் அனுமதியாம். கூட்டத்தில் டெய்லரம்மா எழுந்தார்.

"துணி அதே துணி. தையல்தான் என்னுது. எதுல குறைன்னு சொல்லுங்க, பிரிச்சுத் தைக்கிறேன்."

"வீட்ல தைச்சதை எப்படிம்மா அனுமதிக்கிறது?"

"உங்க சட்டையும் ஒருத்தர் தைச்சதுதாங்க. அதுல நீங்க மூணாவது பட்டனைத் தப்பான ஓட்டையில போட்டிருக்கீங்க."

தலைவர் குனிந்து பார்த்தார். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அவசரமாக எழுந்துவிட்டார்.

அன்று மாலை நான் டெய்லரம்மா வீட்டில் இருக்கும்போது தலைவரின் மனைவி வந்தார்.

"எனக்கும் ஒண்ணு தைக்கணும். சீக்கிரமா வேணும்."

"சார் ஒத்துக்கணுமே?"

"அவரை நான் பாத்துக்கறேன். நீங்க அளவெடுங்க."

ஞாயிறு காலை அந்த அம்மாள் குளத்தில் இறங்கினார். தலைவர், மனைவியின் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு கரையில் நின்றார். அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் காலை உதைத்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, நாலு கை போட்டு, தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு மறுகரையைத் தொட்டார். நாங்கள் ஆரவாரமாகக் கைதட்டினோம். டெய்லரம்மா ஈரத்தரையில் மண்டியிட்டுக் குனிந்து, அந்த அம்மாளின் தோளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார்.