அறுபத்து மூன்றை இருமுறை எண்ணியவர்

தையல்நாயகி அக்காவுக்குக் கருத்து இல்லாத விஷயம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. கைப்பேசி, கேரம் ஆட்டம், தேர்தல், மனிதர்களின் புத்தி, எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் வரும். அவர் தொழில் அப்படி. கைக்கும் கண்ணுக்கும் நாள் முழுக்க வேலை; வாய்க்கு மட்டும் வேலை இல்லை.

அவர் பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; பழைய பாவு தீரும்போது அதன் கடைசி முழத்தை நாங்கள் அறுத்தெறிவதில்லை. அப்படியே விட்டு வைப்போம். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்த்துவிட்டால் மறுநாளே நெய்யத் தொடங்கலாம். பட்டு வழுக்கும் என்பதால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவார். ஒரு சேலையின் உடலுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும்.

வேலையின்போது முணுமுணுவென்று எண்ணுவார். பழைய இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நூறு முடிந்ததும் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. பேச்சும் எண்ணிக்கையும் ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓடும். "இழை முடிய மெஷின் வந்திருக்குதாம். வரட்டும். முப்பத்தாறு. குனிஞ்சி குனிஞ்சி என் முதுகு போச்சு. முப்பத்தேழு. அதுவாவது குனியட்டும்" என்பார். முப்பது வருடமாக எங்கள் ஆறு தெருவிலும் அவர் பிணைத்த பாவில் ஒரு பிழையை யாரும் கண்டதில்லை. அவருக்காகத் தறியை இரண்டு நாள் சும்மா போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. நானும் காத்திருப்பேன்.

கைப்பேசியை அவர் திட்டுவதில்லை. "தொட்டதுக்கெல்லாம் அனுமதிக்கவா, வேணாவான்னு கேக்குது பாரு. என் ஊட்டுக்குள்ள வந்த எந்த மனுஷன் என்னை அப்படிக் கேட்டான்?" என்பார். மதியம் சாப்பிட்டதும் விரலில் இருக்கும் சாம்பலைக் கழுவிவிட்டு அதே கைப்பேசியில் கேரம் ஆடுவார். எதிரில் ஆடுவது யார், எந்த ஊர் என்று தெரியாது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடுகிறவர்கள் மேல் அவருக்கு வரும் கோபம் வேறு யார் மேலும் வந்து நான் பார்த்ததில்லை.

"தோத்தா தோத்துட்டுப் போ. நெட்டை ஆஃப் பண்ணிக்கினு ஓடறது இன்னா பொழப்பு? அவன் ஊட்லயும் அப்டிதான் இருப்பான். எழுதி வெச்சிக்க வேணு."

அவர் கடைசிக் காய் விழும்வரை உட்கார்ந்து தோற்பார்.

அரசியலுக்கு அவரிடம் ஓர் அளவுகோல் உண்டு. எங்கள் வார்டு கவுன்சிலர் கோதண்டபாணி ஓட்டுக் கேட்டு வந்தபோது என் தறியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கை. வெள்ளைப் பாவில் ஐந்து விரலும் குங்குமமாகப் பதிந்துவிட்டது. அவர் போனபின் அக்கா அதைக் குனிந்து பார்த்து, "கை சின்னத்துல நிக்கறாரா இன்னா?" என்று கேட்டார். அந்தக் கட்சி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கியது. வேறு தெருவாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். எங்களுக்கு அந்தத் தெருவே பட்டறை. விடியற்காலையில் பாவை வீட்டு வாசல்களின் முன் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பது அங்கேதான். பதினொரு நாளாக ஒரு பாவும் வெளியே வரவில்லை. என் மனைவி அகிலா கைப்பேசிச் செயலியில் மூன்று முறை புகார் பதிந்தாள். மூன்று முறையும் ஒரே செய்தி வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது."

மூன்றாவது செய்தி வந்த நேரத்தில் அக்கா என் வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். மழைக்கு முன்பே கஞ்சி போட்டு வைத்த பாவு அது. அகிலா செய்தியைப் படித்துக் காட்டினாள்.

"குடு அந்த ஃபோனை. இல்ல, என் கையில சாம்பல். நீயே அமுக்கு, நான் பேசறேன். குரூப்புல போடு."

கை நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. இரண்டு நிமிடம். தெரு முழுவதும் உள்ள குழுவுக்குப் போனது:

"இருவது நூறு முடிஞ்சி அம்பத்தி நாலு, ஞாபகம் வெச்சிக்க அகிலா... கோதண்டபாணி, நான் தையல்நாயகி பேசறேன். உன் ஃபோன்ல சாக்கடை காஞ்சிப்போச்சு, எங்க தெருவுல காயல. தீர்த்துட்டேன்றியே, வந்து இந்தத் தண்ணியில உன் வேட்டியை நனைச்சிக் காயப் போடு, நானும் நம்பறேன்..." நடுநடுவே எண்கள். மொத்தத்தில் அது அவர் தினமும் பேசுவதுதான். ஆனால் தினமும் பேசுவது அன்று ஊர் முழுக்கப் போய்விட்டது. ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வேட்டி காயப்போடும் பகுதியை மட்டும் வெட்டி அழைப்பொலியாக வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை பிணைப்பு முடிந்தபோது, பழைய பாவில் ஒரே ஓர் இழை ஜோடி இல்லாமல் நின்றது. அப்படி நின்றால் இரண்டில் ஒன்று: புதிய பாவில் ஓர் இழை குறைவு; அல்லது பிணைத்தவர் எங்கோ ஒரு பழைய இழையில் இரண்டு புதிய இழைகளைச் சேர்த்து முறுக்கிவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் அந்த இழையைப் பார்த்தார்.

"நமச்சிவாயம் ஒரு இழை கம்மியா வுட்டிருக்கான் வேணு" என்றார்.

நமச்சிவாயம்தான் எனக்கு இழைகளை எண்ணிப் பாவு ஓட்டித் தருகிறவர். அவரை வரச்சொல்லி, அண்டைத் தறிக்காரர் இருவர் எதிரில் திட்டினேன். "நான் ஓட்டின பாவுல இழை கொறையாது" என்று அவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா சாம்பல் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். தனி இழை ஒன்றைச் சேர்த்து நெய்யத் தொடங்கினேன். நாலாம் நாள் சேலையின் நடுவாக்கில் மெல்லிய தடிப்பு ஒன்று கோடாக ஓடுவது கண்ணில் பட்டது. இரட்டை இழை. யார் செய்தது என்று தெரிந்துவிட்டது. நான் அக்காவிடமும் கேட்கவில்லை, நமச்சிவாயத்திடமும் போய்ச் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் லோகேஷ் வந்தான். கவுன்சிலருக்கு வாட்ஸப், முகநூல் எல்லாம் பார்ப்பவன், எங்கள் தெருப்பையன். அக்கா என் அடுத்த வீட்டுத் தறியில் இருந்தார். நானும் போய் நின்றேன்.

"அத்தே, கோச்சிக்காத. அந்த ஆடியோ கட்சி ஆஃபீஸ் வரைக்கும் போயிடுச்சி. அண்ணன் மூஞ்சி செத்துப்போச்சி. நாங்க அது ஏஐ-னு போட்டுட்டோம்."

"இன்னாது அது?"

"கம்ப்யூட்டர் செஞ்ச குரல் அத்தே. எதிர்க்கட்சிக்காரன் உன் குரல்ல செஞ்சான்னு. நீ ஒரு வீடியோவுல, அது நான் இல்லன்னு மட்டும் சொல்லிடு. யாருக்கும் கெட்ட பேர் இல்ல. உனக்கும் கேஸு கீஸு வராது."

"ஏண்டா லோகேசு, நான் பேசினதை நான் பேசலன்னு சொல்லணுமா?"

"இப்ப எல்லாரும் அப்டிதான் அத்தே சொல்றாங்க. பெரிய பெரிய ஆளுங்களே."

"தோக்கறப்ப நெட்டை ஆஃப் பண்றவனுங்க" என்றார் அக்கா. "எண்பத்தொண்ணு. போடா."

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் முனையில் கோதண்டபாணியே வந்தார். நாற்காலி போட்டார்கள். சாக்கடை நீர் அவர் செருப்பிலிருந்து இரண்டடி தள்ளி ஓடியது. தெருவே கூடிவிட்டது. லோகேஷ் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இதோ பாருங்கம்மா, நம்ம தையல்நாயகி அப்டிப் பேசற பொம்பளையா? முப்பது வருஷமா பாக்கறோம். இது ஏதோ மெஷின் வேலை" என்றார் கவுன்சிலர்.

"நான் அப்டிதான் பேசுவேன்" என்றார் அக்கா. சிலர் சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

எதிர்வீட்டுக் காவேரி மெதுவாக, "தப்பா நினைக்காதக்கா. செத்துப்போனவங்க குரல்லயே புதுப் பாட்டு வருது. நீ பேசினதா, மெஷின் பேசினதா, யாரு கண்டா?" என்றாள். இரண்டு மூன்று தலைகள் ஆடின.

அக்காவின் முகம் மாறியது அப்போதுதான். கவுன்சிலர் சொன்னது அவருக்குப் பெரிதில்லை. காவேரி வீட்டில் மட்டும் அவர் இருபது பாவாவது பிணைத்திருப்பார். அந்தக் குரல் அவருடையது இல்லை என்றாகிவிட்டால், பதினெட்டாம் நாளாக ஓடும் அந்தச் சாக்கடையும் யாரோ எதிர்க்கட்சிக்காரன் கட்டிவிட்ட கதை என்றாகிவிடும். புகாரைத் திறந்த கையோடு மூடிவிடுவார்கள்.

"அகிலா, ஆடியோவைப் போடு" என்றார். "சத்தமா."

அகிலா போட்டாள். வேட்டியைக் காயப்போடும் இடம் வந்தது. நடுவே அவரே சின்னக் குரலில் அறுபத்து இரண்டு. அறுபத்து மூன்று. பிறகு, "நானும் நம்பறேன்." பிறகு மறுபடியும் அறுபத்து மூன்று. அறுபத்து நாலு.

"நிறுத்து. கேட்டீங்களா? அறுபத்தி மூணை ரெண்டு தபா சொல்லிக்கீறேன்."

எனக்கு விளங்கிவிட்டது. "அக்கா, வேணாம்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆத்திரத்துல ஒரே இழையில ரெண்டை வெச்சி முறுக்கிட்டேன். இருவது நூறு முடிஞ்சி, அதுக்கு மேல அறுபத்தி மூணாவது இழை. வேணு தறியில இருக்குது. கம்ப்யூட்டர் குரல் செய்யும். வேணு தறியில வந்து குந்திக்கினு தப்பா இழை முறுக்குமா? போய் எண்ணிப் பாருங்க."

பிணைக்கிறவர் தன் பிழையை நடுத்தெருவில் சொல்வது எங்களிடம் கேள்விப்படாத காரியம். அதோடு அவர் நிறுத்தவும் இல்லை.

"சாயந்தரம் ஒரு இழை மிச்சமா நின்னப்பவே எனக்குத் தெரியும். நமச்சிவாயம் பேர்ல போட்டேன். வேணு அவனைத் திட்டினான். நான் பாத்துக்கினு இருந்தேன். நானும் நெட்டை ஆஃப் பண்ணவதான்."

கோதண்டபாணி எழுந்தார். "தறி பாக்கறதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லம்மா. மீட்டிங் இருக்குது."

"எழுந்திரிக்கறியே, ஆட்டம் முடியலியேப்பா" என்றார் அக்கா.

அவர் வண்டி போய்விட்டது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் என் வீட்டுக்கு வந்தோம். லோகேஷும் வந்தான், பிடித்த கைப்பேசியை இறக்க அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. எண்ணியது நமச்சிவாயம். நான் எண்ணுகிறேன் என்றதற்கு, "நீ சும்மா இருப்பா, உன் எண்ணிக்கை எனக்குத் தெரியும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். சிவப்பு நூல்களைக் கடந்து, குச்சியால் இழைகளை ஒதுக்கி ஒதுக்கிப் போய், இருபதாம் நூறுக்கு அப்பால் அறுபத்து மூன்றில் நின்றார். நகத்தால் பிரித்துக் காட்டினார். இழை நுழையும் ஒரு கண்ணில் இரண்டு இழை.

காவேரி குனிந்து பார்த்துவிட்டு, "அக்காதான்" என்றாள்.

நமச்சிவாயம் நிமிர்ந்தார். "அறுபத்தி மூணு நாயன்மாருல கடைசி ஆளை ரெண்டு தபா கும்பிட்டுட்டு, பழியை எம்மேல போட்டியேமா."

"போட்டேன்பா. திட்டறதுன்னா திட்டு. இந்தப் பையன் படம் புடிக்கறப்பவே திட்டு."

நமச்சிவாயம் திட்டவில்லை. டீ வேண்டும் என்றார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டது டீக்குப் பிறகு. அதுவும் பாதி வாயில்தான். அக்காவைப்போல முழு வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

இரட்டை இழையைப் பிரித்துச் சரிசெய்ய அரைமணி நேரம் போதும். எல்லாரும் கலைந்தபின் சாம்பல் டப்பாவை நானே எடுத்து நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"அது கிடக்கட்டும். நாளைக்கே அது மெஷின் குரல்னு மறுபடி கிளம்புவானுங்க. சாக்கடையை எடுக்கட்டும், அப்பால நான் இழையை எடுக்கறேன்."

"சேலை கெட்டுடுமேக்கா. உன் பேரு வேற."

"பேருதானே? இருக்கட்டும். எல்லாரும் வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அந்த வாரம் இரண்டு வீட்டார் அக்காவுக்குப் பதில் வேறு ஆளை அழைத்துக்கொண்டார்கள். ஒன்று காவேரியின் வீடு. அக்கா அதைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருக்கிறார், இங்கே எழுதக்கூடியதில்லை. அகிலா நாலாவது முறை புகார் பதிந்தபோது, தறியில் ஓடும் அந்தக் கோட்டையும் தெருத் தண்ணீரையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்துச் சேர்த்தாள். நேற்று பதில் வந்தது. தீர்க்கப்பட்டது.

அக்கா சாம்பல் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அஞ்சாவது போடு" என்றார்.

கோடு இன்று காலை ஏழு முழம் ஆகியிருக்கிறது. நெய்துகொண்டிருக்கிறேன்.